தெரு கெட்டுப்போச்சு என்று யார் சொல்வது?

1

சென்ற ஆண்டு ஆடி மாதம் அருப்புக்கோட்டையில் தறிகள் நின்றுபோன வீடுகளைக் கணக்கெடுப்பதற்காக நாங்கள் நாலைந்து பேர் தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தோம். என்னோடு ஒரு பெரியவர் வந்தார். 68 வயது. குழித்தறியில் வளர்ந்தவர். இளமையில் நெசவாளர் சங்கத்தில் நின்று கூலி உயர்வுக்காகச் சிறைக்கும் போனவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவருடைய தெருவில் மட்டும் 11 வீடுகள் பூட்டிக் கிடந்தன. இரண்டு வீடுகளில் நூல் மில் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள், அறைக்கு எட்டுப் பேர் என்று தங்கியிருந்தார்கள். தறிக்குழிகளை மண் போட்டு மூடிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் தறிமரத்தை விறகுக்காக அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி தெருவின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முன்னாடியெல்லாம் இந்தத் தெருவுக்குள்ள நொழைஞ்சா பேச்சுச் சத்தம் கேக்காது தம்பி. தறிச் சத்தந்தான். விடியக்காலம் நாலு மணிக்கெல்லாம் பாவு நீட்டிருவோம், இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும். வீட்டுக்கு ஒரு ஆளு வந்து கை குடுக்கணும். இப்பப் பாருங்க, நாய் படுத்துக் கெடக்கு. தெரு செத்துப்போச்சு."

அவர் கண் கலங்கியது. எனக்கும் தொண்டையை அடைத்தது. கணக்கெடுப்புத் தாளின் ஓரத்தில் 'தெரு செத்துப்போச்சு' என்று எழுதிக்கொண்டேன்.

அன்று ராத்திரி காலனிக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா ஜின்னிங் பேக்டரியில் பருத்திக் கூலியாக முப்பது வருசம் வேலை பார்த்தவள்.

"எந்தத் தெரு?" என்றாள். சொன்னேன்.

"அந்தத் தெரு செத்ததுக்கு நீ ஏன்யா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்திருக்க? பாவு கெடக்கையில நாங்க அந்தப் பக்கம் தலகாட்ட முடியாது. ஓடக்கர வழியாச் சுத்தித்தான் பேக்டரிக்குப் போவம். பாவ எடுத்த பெறகும் செருப்பக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டுத்தான் நடக்கணும். ஒங்க அத்த ஒருதரம் மறந்துபோயி நடந்துட்டா, அவ பட்ட பேச்சு எனக்குத்தான் தெரியும். இப்பத்தான்யா அது தெருவா இருக்கு. நாய் படுத்துக் கெடக்குன்னா, நாம நடந்தா ஏன்னு கேக்க ஆளில்லன்னு அர்த்தம்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே தெரு. ஒருவருக்குச் சாவு, இன்னொருவருக்கு வழி. இரண்டுக்கும் நடுவில் நின்று கண் கலங்கிய நான் யாருக்காகக் கலங்கினேன்? என்னை உள்ளே விடாத தெரு அழியும்போது நான் துக்கப்படலாமா, சந்தோசப்படலாமா? இந்தக் கேள்வி ஒரு வருசமாக என்னோடு கிடக்கிறது. இதற்கு இரண்டு லேசான பதில்கள் உண்டு. 'ஆண்டாண்டு காலம் ஆடினார்கள், அனுபவிக்கட்டும்' என்பது ஒன்று. 'பழசையெல்லாம் மறந்து மனிதாபிமானத்தோடு பார்க்க வேண்டும்' என்பது மற்றது. முதலாவது நம் கோபத்துக்குச் சுகமாக இருக்கிறது. இரண்டாவது அவர்களுக்குச் சுகமாக இருக்கிறது. சுகமாக இருப்பதாலேயே இரண்டையும் நான் சந்தேகிக்கிறேன்.

2

தெரு என்பது இயற்கையாக முளைத்ததல்ல. நெசவாளர் தெரு நீளமாகவும் நேராகவும் இருப்பதற்குக் காரணம் பாவுதான். பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவிட நேரான இடம் வேண்டும். வீட்டுக்குள் அந்த நீளம் கிடையாது. எனவே தெருவே பட்டறை. தொழில் தெருவைப் போட்டது, சாதி அந்தத் தெருவுக்கு வேலி போட்டது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தபடியால் பார்ப்பவர்களுக்கு ஒன்றாகத் தெரிகிறது.

தொழிலை யார் கொன்றது? காலனிக்காரர்கள் அல்ல. கைத்தறிக்கென்று 22 ரகங்களை ஒதுக்கி 1985-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. அதை எதிர்த்து வழக்கு நடந்து, 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1996-ல் 22 ரகம் 11 ஆகச் சுருங்கியது. அந்த 11-ஐயும் விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்பதைக் கண்டும் காணாமல் விட்டார்கள். 1991-க்குப் பிறகு நூல் ஏற்றுமதி பெருக, சிட்டநூல் விலை ஏறியது. கூலித்தறிக்காரனின் கூலி ஏறவில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனார்கள். புளியம்பட்டி, திருநகரம், வெள்ளக்கோட்டை, சொக்கலிங்கபுரம் என்று எந்தப் பக்கம் போய் நின்று கேட்டாலும் இதே கதையைச் சொல்ல ஒரு கிழவர் இருக்கிறார்.

இந்தக் கரிசல் வட்டாரத்தில் தெருக்கள் மேலேயும் ஏறியிருக்கின்றன. அதற்கு நாடார்களின் வரலாற்றைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் விருதுநகரும் சிவகாசியும் அவர்கள் வண்டி கட்டி வந்து பேட்டை போட்டு வியாபாரம் செய்த ஊர்கள். 1897-ல் கமுதி மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் நாடார்கள் தோற்றார்கள். 1899-ல் சிவகாசி கொள்ளை. அப்படி இருந்தும் இன்றைக்கு இந்த ஊர்களில் கடைத்தெரு என்றால் யாருடைய கடைத்தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குப் பேட்டை நிலம் சொந்தமாக இருந்தது. வியாபாரம் கையில் இருந்தது. ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை பிடித்து உறவின்முறை பொதுப்பணம் சேர்த்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். காமராசர் படித்ததும் விருதுநகரில் அப்படிக் கட்டிய பள்ளியில்தான். தள்ளி வைக்கப்பட்ட ஒரு தெரு ஊரின் நடுவாக மாறியது இப்படித்தான்.

சேரிக்கு இதில் எது இருந்தது? என் தாத்தா குண்டாற்றுக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து, கம்பும் சோளமும் பொய்த்த வருசத்தில், திருச்சுழி ரோட்டில் நடந்தே அருப்புக்கோட்டைக்கு வந்தார். 1957 முதுகுளத்தூர்க் கலவரத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த பள்ளர் குடும்பங்கள் இரண்டு பிறகு எங்கள் சேரி ஓரத்தில் குடிசை போட்டன. எல்லோரும் கொண்டுவந்தது உடம்பு ஒன்றுதான். மூட்டை சுமந்தவர்களுக்குக் கூலி கிடைத்தது. மூட்டைமேல் மகமை பிடிக்க முடியவில்லை, ஏனென்றால் மூட்டை நம்முடையதல்ல. அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கிழித்துப் பேசினார் என்பதை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதே அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடா நகரத்தில் வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியில் பேரை மறைத்துத் தங்கி, அங்கிருந்தும் விரட்டப்பட்டார் என்பதைக் கூடவே சொல்ல வேண்டும். கிராமத்தில் ஊரும் சேரியும் என்றிருந்தது டவுனில் தெருவும் காலனியும் என்று ஆயிற்று.

அம்மா சொன்னதை அண்ணாச்சியிடம் நான் மறைக்கவில்லை. சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அது எங்க அப்பா காலத்து வழக்கம்" என்றார் முதலில். பிறகு அவராகவே, "நானும் பாவு நீட்டினவந்தானே தம்பி. ஓடக்கர வழியாப் போறவுகள நானும் பாத்திருக்கேன். ஏன் சுத்திப் போறாகன்னு கேட்டதில்ல" என்றார்.

கூலிக்காக ஜெயிலுக்குப் போன மனுசர் அவர். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை என்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. தெரு அப்படிப் பழக்கியிருக்கிறது.

3

தமிழ் எம்.ஏ. படிக்கும்போது 'இழிபொருட்பேறு' என்று ஒரு பாடம். உயர்ந்த பொருளில் வழங்கிய சொல் காலப்போக்கில் இழிந்த பொருளுக்கு இறங்கிவிடுவது. உதாரணம் எல்லா வருசமும் ஒன்றுதான்: 'நாற்றம்'. முன்பு மணம், இப்போது கெட்ட வாடை. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். 'சேரி' என்ற சொல்லை அந்த வகுப்பில் யாரும் உதாரணம் காட்டவில்லை.

சோழர் காலத்தில் சேரி என்றால் குடியிருப்பின் ஒரு பகுதி, அவ்வளவுதான். பிராமணர் குடியிருப்புகளின் பிரிவுகளையும் கல்வெட்டுகள் சேரி என்றே சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்காக ராஜராஜன் 400 பெண்களைக் குடியேற்றிய இடம் தளிச்சேரி. அதே கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் கம்மாணச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் வருசத்தில் என்ன நடந்தது? மற்றவர்கள் அந்தச் சொல்லைவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்களுடையது தெரு, வீதி, அக்கிரகாரம், பேட்டை என்றாயிற்று. சேரி நமக்கு மிச்சம் வைக்கப்பட்டது. மண் மாறவில்லை, யார் அதில் மிச்சமானார்கள் என்பதை வைத்துச் சொல் இழிந்துவிட்டது.

இது ஆயிரம் வருசக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் கண்ணெதிரே ஒரு சொல் இதே கதிக்கு ஆளாகியிருக்கிறது. அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக்கொடுத்து 'காலனி' என்று பெயர் வைத்தபோது எங்கள் தாத்தாவுக்கு அது கவுரவமான சொல். 'நாங்க காலனிக்குப் போயிட்டோம்' என்று திருச்சுழிப் பக்கத்துச் சொந்தங்களுக்குச் சொல்லி அனுப்பினாராம். ஆபீசர்ஸ் காலனி, ரயில்வே காலனி என்றெல்லாம் இருக்கத்தானே செய்தது. ஆனால் ஒரு தலைமுறைக்குள் முன்னால் எந்தப் பேரும் இல்லாமல் வெறும் 'காலனி' என்றால் அது நாம்தான் என்று ஆகிவிட்டது. மற்றவர்கள் 'நகர்' என்று வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் 'காலனி ஸ்டாப்' என்று கண்டக்டர் சொல்கிற தொனியிலேயே அது இருந்தது. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதலமைச்சர், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டபடியால் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் சேரி போய்க் காலனி வந்தது, காலனி போய் இன்னொன்று வரும். அங்கே இருப்பவர்கள் நாமாக மட்டும் இருக்கிறவரைக்கும் அந்தப் புதுப் பேருக்கு எத்தனை வருச ஆயுசு என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

4

யார் வந்தால் ஒரு இடம் கெடும் என்பதைப் பேச்சாக அல்ல, படிப்பாகவே ஆக்கிய தேசமும் உண்டு. அமெரிக்காவில் சிகாகோ நகரத்தை ஆராய்ந்த எர்னஸ்ட் பர்ஜஸ் என்ற சமூகவியலாளர், நகரம் நடுவிலிருந்து வளையம் வளையமாக விரிகிறது என்று 1925-ல் எழுதினார். ஒரு பகுதிக்குள் வேறு மக்கள் வந்து குடியேறுவதற்கு அந்தக் கூட்டத்து ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் 'படையெடுப்பு'. செடிகொடி சாத்திரத்திலிருந்து எடுத்த சொல். நம் கரிசலில் வேலிக்கருவை பரவியதைச் சொல்கிற மாதிரி, வாடகைக்கு வீடு தேடி வருகிற மனுசனைச் சொன்னார்கள். 1933-ல் ஹோமர் ஹாய்ட் என்பவர் சிகாகோவின் நிலமதிப்பைப் பற்றி எழுதிய நூலில், எந்த இனத்தார் குடிவந்தால் நிலத்தின் மதிப்பு எப்படி ஆகும் என்று வரிசையே கொடுத்தார். தலைப்பில் ஆங்கிலேயர், செருமானியர். கடைசியில் கறுப்பர், மெக்சிகர். வருண வரிசையைப் படித்து வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

அது புத்தகத்தோடு நிற்கவில்லை. 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பர் இருக்கும் பகுதிகளுக்குச் சிவப்பு. சிவப்புக்குள் வீடு வாங்கவோ கட்டவோ கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடன் இல்லையென்றால் கூரையைப் பழுது பார்க்க முடியாது. கூரை ஒழுகினால் சுவர் இடியும். வசதி உள்ளவன் போய்விடுவான், போக முடியாதவன் மிஞ்சுவான். பிறகு வந்து 'பார்த்தீர்களா, அவர்கள் இருக்கிற இடம் அப்படித்தான்' என்றார்கள். கெடும் என்று சொன்னவர்களேதான் கெடுத்தார்கள். இந்தப் பாகுபாட்டுக்கு அங்கே சட்டப்படி தடை வர 1968 ஆயிற்று.

எங்கள் காலனிக்கு யாரும் சிவப்பு மை போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. டவுன் சாக்கடை தாழ்ந்த பக்கமாகத்தான் ஓடும் என்பார்கள். தாழ்ந்த பக்கத்தில்தான் நமக்குப் பட்டா கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பட்டாவைக் காட்டி வீட்டை எடுத்துக் கட்டக் கடன் கேட்டால் வங்கியில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'ஏரியா சரியில்லையே' என்கிறார்கள். தொகுப்பு வீட்டின் கான்கிரீட் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்து தொங்குகிறது. சென்னையில் ஆற்றங்கரையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய்க் கண்ணகி நகரில் விட்ட பிள்ளைகள், அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கெட்ட தெரு என்று ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் அதைக் கெடுத்தது யார் என்று கேட்க வேண்டும்.

ஆக, அண்ணாச்சி தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் அழிவு ஒன்றல்ல. அங்கே இருந்தது பறிபோயிற்று. இங்கே வரவேண்டியது வரவேயில்லை. அவர் துக்கத்துக்குள் இரண்டு துக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தொழில் போன துக்கம் ஒன்று. அந்தஸ்து போன துக்கம் மற்றது. கஞ்சி காய்ச்சி, தார் சுற்றி, பிள்ளைகுட்டியோடு குனிந்து நெய்து வயிறு வளர்த்த வழி அடைபட்டதற்கு நானும் அழுவேன். கூலிக்காரன் கூலிக்காரனுக்கு அழ வேண்டும். ஆனால் 'எங்க தெருவுல எங்க ஆளுக மட்டும் இருந்தோம்' என்பதற்கான அழுகையில் எனக்குப் பங்கில்லை. இரண்டும் ஒரே ஒப்பாரியாக வரும்போது பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். இது நான் கண்ட பதில். இதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு மாதம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

5

அந்த நிம்மதியைக் கெடுத்தது எங்கள் வீட்டுச் சுவர்தான்.

அத்தை இறந்தபிறகு அவள் இருந்த தொகுப்பு வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா வீட்டுக்கும் அதற்கும் ஒரே சுவர். நான் கல்யாணமாகி நாலு வருசமாக டவுனில் ஒரு நகரில் வாடகைக்கு இருக்கிறேன். நகராட்சித் தூய்மைப் பணியில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் ஒரு புருசனும் பெண்சாதியும் அந்த வீட்டைக் கேட்டு வந்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகள், பெரியவள் ஒன்பதாவது படிக்கிறாள். அவர்கள் அருந்ததியர். நாங்கள் பறையர். கொடுத்துவிடலாம் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சேலை முந்தியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"குடுக்கலாம்யா. எனக்கு ஒண்ணுமில்ல. அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாக? தெரு கெட்டுப்போச்சும்பாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாக்கியத்தை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். டவுனில் வீடு தேடி அலைந்த காலத்தில் மூன்று வீட்டு வாசலில் கேட்டேன், ஒரு எழுத்து மாறாமல். 'எங்களுக்கு ஒண்ணுமில்ல தம்பி, அக்கம்பக்கத்துல சொல்லுவாக.' செருப்பைக் கையில் தூக்கி நடந்த அதே அம்மா இப்போது சொல்கிறாள். அவளுக்கு இதில் நஷ்டம் என்ன? வருமானம் வரும், பக்கத்தில் ஆள் துணை வரும். போவது ஒன்றே ஒன்றுதான்: நமக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான், அவன் வேறு தெருவில் இருக்கிறான் என்கிற நினைப்பு. அண்ணாச்சிக்கு நான் வைத்த அளவுகோல் அம்மாவுக்கும் பொருந்துகிறது.

இது எங்கள் வீட்டுச் சங்கதி மட்டுமல்ல. 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவிகித உள் ஒதுக்கீடு சட்டமானபோது நம் தோழர்களிலேயே எத்தனை பேர் முகம் சுளித்தார்கள் என்பது இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மேலே இருக்கிறவன் நம்மிடம் செய்ததை 'சாதி' என்கிறோம். நாம் கீழே செய்கிறதை 'வழக்கம்' என்கிறோம். அண்ணாச்சியும் 'அப்பா காலத்து வழக்கம்' என்றுதான் சொன்னார்.

நான் அம்மாவிடம் சத்தம் போட்டேன். அம்பேத்கரைச் சொன்னேன், பரோடாவைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா நிதானமாகச் சொன்னாள்:

"நீ நகர்ல போயி இருந்துக்கிட்டு எனக்கு ஞாயஞ் சொல்றியாக்கும்? மொதல்ல ஒன் வீட்டுக்காரன்ட்டப் போயி நீ யாருன்னு சொல்லிட்டு வா. பெறகு எனக்குச் சொல்லு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வீடு கிடைத்த கதை அவளுக்குத் தெரியும். நாலாவது வாசலில் வீட்டுக்காரர், 'தம்பி என்ன ஆளுக?' என்று கேட்டார். நான் 'திருச்சுழிப் பக்கம் பூர்வீகம், எம்.ஏ. தமிழ்' என்றேன். அவர் தலையை ஆட்டிச் சாவியைக் கொடுத்தார். நான் பொய் சொல்லவில்லை. கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னேன். நாலு வருசமாக அம்மா அந்த வீட்டுக்கு வந்தால் காலனி என்ற சொல்லை வாய் தவறியும் சொல்ல மாட்டாள். எனக்காக அவள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். காலனியைவிட்டுப் போய் மேடையில் காலனிக்காகப் பேசுகிறவன் நான்.

போவது துரோகமா என்ற கேள்வியை நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். திருச்சுழி அக்கிரகாரத்துப் பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் போனதை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை. 1879-ல் அங்கே பிறந்த ரமணர் சின்ன வயசிலேயே ஊரைவிட்டுப் போனவர்தான். அவர் பிறந்த வீட்டைக் கோயில் மாதிரி வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் போனாலும் வீடு அவர்கள் பேரைச் சொல்கிறது. நாம் போனால் பேரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆகையால் போவது தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே விசுவாசத்துக்காக ஒருத்தன் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. தப்பு எதுவென்றால், போன இடத்தில் நாம் இல்லாதது மாதிரி இருந்துகொண்டு, இருந்த இடத்தில் இருக்கிறவர்களுக்கு ஒழுக்கம் போதிப்பது. அரசாங்கம் 1998-ல் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரத்தைத் திறந்தது. 100 வீட்டில் 40 நமக்கு, மிச்சம் மற்றவர்களுக்கு என்று கலந்து வைத்தது. கலந்து வைப்பதை அரசாங்கம் செய்யலாம். 'நான் இன்னார்' என்று வாசலில் நின்று சொல்வதை அரசாங்கம் நமக்காகச் செய்யாது.

அத்தை வீட்டை அவர்களுக்குக் கொடுத்தாயிற்று. அம்மா மூன்று வாரம் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருக்குழாயில் குடத்தைத் தள்ளி வைத்தார்கள் என்று ஒருநாள் சண்டை வந்தது. தள்ளி வைத்தது எங்கள் சொந்தக்காரர்கள்தான். இப்போது பெரிய பிள்ளை சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை அட்டையைப் படித்துக் காட்டுகிறாள். அம்மா வாங்கிக்கொள்கிறாள். அவர்கள் வீட்டில் இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. இதை நான் மாற்றம் என்று எழுத மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'அதனால என்ன தம்பி' என்றார். பதினைந்தாம் நாள், மகள் குடும்பத்தோடு ஊருக்கு வருவதாகவும் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்.

திரும்பவும் வீடு தேடுகிறேன். போன வாரம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். வழக்கம்போலத் தெருவைப் பற்றிப் பேசினார். இன்னும் ஒரு வீடு பூட்டியாயிற்று, இப்போது 12 என்றார். நான் கேட்டேன்:

"அண்ணாச்சி, அதுல ஒரு வீடு எனக்கு வாடகைக்குக் கெடைக்குமா? வீடு பூட்டிக் கெடந்தாத்தானே தெரு சாகும். நான், எம் பெஞ்சாதி, புள்ள, மூணு பேரு இருக்கோம். எங்கம்மாவும் வந்துபோவா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "கேட்டுப் பாக்குறேன் தம்பி" என்றார்.

இதை எழுதி முடிக்கிற இன்றைய தேதி வரை அவர் பதில் சொல்லவில்லை. அவர் கேட்டுப் பார்ப்பார் என்றுதான் நம்புகிறேன். யாரிடம் கேட்க வேண்டும், என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தெரு செத்துவிட்டதா இல்லையா என்பது எனக்கு அந்தப் பதிலில்தான் தெரியவரும். அதுவரை அந்தத் தெருவுக்காக நான் அழுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.